காட்டு வாயிலில் ஒரு பலகை

தேவர்சோலை என்பது எங்கள் ஊர். நீலகிரி மாவட்டத்தில், கூடலூரிலிருந்து சுல்தான் பத்தேரிக்குப் போகும் சாலையில் இருக்கிறது. உதகமண்டலத்தைப்போல் நாடறிந்த ஊர் அன்று. சிறிய கடைவீதி ஒன்று. நாற்புறமும் தேயிலைத் தோட்டங்கள். ஆனி, ஆடியில் விடாது பொழியும் மழை. இருட்டிய பின் யானை நிற்கிறதா என்று சன்னல் வழியே பார்த்துவிட்டு வாசற்கதவைத் திறக்கும் வழக்கம். ஊருக்கு வடக்கே விரிந்து கிடப்பது முதுமலைக் காடு. அந்தக் காட்டோரத்துப் பள்ளிகளிலேயே என் ஆசிரியத் தொழிலின் பெரும்பகுதியைக் கழித்துத் தலைமையாசிரியனாக ஓய்வு பெற்றேன்.

வரலாறு என்றால் அரசர்களின் பெயர்களும் போர்களின் ஆண்டுகளுந்தாம் என்று எண்ணும் மாணவர்களை நான் மிகுதியாகக் கண்டிருக்கிறேன். இன்று நான் சொல்லப்போவது ஓர் அறிவிப்புப் பலகையின் வரலாறு.

1988-ஆம் ஆண்டு என்று நினைவு. ஆசிரியப் பயிற்சி முடித்துச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. பிள்ளைகளை வகுப்பறைக்கு வெளியே அழைத்துச் சென்று கண்ணால் காணச் செய்து கற்பிக்க வேண்டும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். அதை நான் முழுதும் நம்பியிருந்தேன். ஏழாம் வகுப்புப் பிள்ளைகளை முறைப்படி அனுமதி பெற்றுக் காட்டுக்கு அழைத்துச் சென்றேன். வாயிலில் ஒரு பலகை. அனுமதியின்றி உள்ளே நுழையலாகாது, தீ மூட்டலாகாது, ஆயுதம் கொண்டுவரலாகாது, விறகு, தேன், கிழங்கு முதலிய எதையும் எடுக்கலாகாது, மீறினால் தண்டனை. இதைக் காட்டிலும் நல்ல பாடம் ஏது என்று கருதி, அனைவரையும் அதைப் பார்த்து எழுதச் சொன்னேன். காட்டுநாயக்கர் குடியைச் சேர்ந்த மாணவன் ஒருவன் பாதியில் நிறுத்திவிட்டான்.

"ஐயா, எங்கள் தாத்தா தேன் எடுப்பார். பாட்டி கிழங்கு தோண்டுவாள். அவர்கள் செய்வது குற்றமா?"

"பேசாமல் எழுது" என்றேன். விடை தெரியாத ஆசிரியர்கள் சொல்லும் விடை அதுதான். அவன் எழுதினான். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அந்தப் பலகையில் உள்ள ஒவ்வொரு வரியும் எங்கிருந்து வந்தது, யாருக்காக யாரால் எழுதப்பட்டது என்று தேடத் தொடங்கினேன்.

தேடல் என்னை 1877-ஆம் ஆண்டுக்குக் கொண்டு சேர்த்தது. எங்கள் கூடலூர்ப் பகுதியை உள்ளிட்ட தென்கிழக்கு வயநாடு, மலபார் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டு நீலகிரியோடு சேர்க்கப்பட்டது அந்த ஆண்டில்தான். அதே ஆண்டில் நீலகிரியில் வேட்டை விலங்குகளைக் காப்பதற்கென ஒரு சங்கம் நிறுவப்பட்டது. அதைச் சார்ந்தோர் பெரும்பாலும் வெள்ளைத் தோட்ட முதலாளிகளும் படை அதிகாரிகளுமே. அவர்கள் முனிவர்கள் அல்லர், வேட்டைக்காரர்கள். முந்திய ஐம்பது ஆண்டுகளாக அவர்களும் அவர்களுக்கு முன் வந்தவர்களும் கணக்கின்றிச் சுட்டுத் தள்ளியதால் வரையாடும் கடமானும் அருகிவிட்டன. இப்படியே போனால் நாளைக்குச் சுடுவதற்கு ஒன்றும் மிஞ்சாது என்ற அச்சமே சங்கத்தைப் பிறப்பித்தது. இரண்டே ஆண்டுகளில், 1879-இல், சென்னை மாகாண அரசாங்கம் நீலகிரி மாவட்டத்துக்கென்றே வேட்டை விலங்குகளையும் மீன்களையும் காக்கும் சட்டம் ஒன்றை இயற்றியது. வேட்டையாடக் கூடாத பருவம் எது என்று அறிவிக்க ஆளுநருக்கு அதிகாரம் கிடைத்தது. பின்னாளில் உரிமச்சீட்டுப் பெற்றே சுட வேண்டும் என்ற ஏற்பாடும் வந்தது.

அச்சட்டம் காத்த உயிர்களின் பட்டியலை நீங்கள் பார்க்க வேண்டும். காட்டெருது, கடமான், வரையாடு, மான் வகைகள், முயல், காட்டுக்கோழி, மயில் முதலியவை அதில் உண்டு. புலி இல்லை, சிறுத்தை இல்லை, செந்நாய் இல்லை. அவை துரைமார்கள் சுட வேண்டிய மானைத் தின்றுவிடும் பகைகள் அல்லவா? அவற்றைக் கொன்றவர்க்குப் பரிசுப் பணம் கொடுத்தார்கள். இன்று எந்தப் புலியின் பெயரால் முதுமலை காப்பகமாக விளங்குகிறதோ, அந்தப் புலிக்கு அந்நாளில் விலை வைத்திருந்தார்கள். இன்னொரு வேடிக்கை, அயல் நாட்டிலிருந்து கொணர்ந்து இம்மலை ஓடைகளில் பழக்கிய மீனுக்கும் அச்சட்டத்தில் காவல் இருந்தது. தூண்டில் போடுவதும் துரைமார்களின் பொழுதுபோக்குத்தான்.

யானைக்கு மட்டும் இதற்கு முன்பே, 1873-இல், சென்னை மாகாணத்தில் தனிச் சட்டம் வந்துவிட்டது. காட்டு யானையைக் கண்டபடி கொல்லலாகாது என்றது அது. காடுகளில் வெட்டிய தேக்கு மரங்களை இழுக்க அரசாங்கத்துக்கு யானை தேவையாயிருந்தது என்பதையும் சேர்த்தே நாம் படிக்க வேண்டும். நோக்கம் எதுவாயினும் யானை பிழைத்தது. வேட்டைக்காரர் தந்நலத்துக்காகச் செய்த சட்டத்தாலேதான் வரையாடும் பிழைத்தது. தீய நோக்கத்திலிருந்து நல்ல விளைவு பிறப்பது வரலாற்றில் புதிதன்று. இதை ஒப்புக்கொள்ள எனக்கு நெடுநாள் ஆயிற்று.

ஆயினும் என் மாணவன் கேட்ட கேள்விக்கு விடை இந்தச் சட்டங்களில் இல்லை. அது 1882-ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டத்தில் இருக்கிறது. ஒரு நிலப்பரப்பைக் காப்புக்காடாக்க எண்ணினால் அரசாங்கம் முதலில் அதை அறிவிக்க வேண்டும். பிறகு, அந்த நிலத்தில் உரிமை உடையவர்கள் வந்து தெரிவிக்கலாம் என்று, அதற்கென அமர்த்தப்பட்ட அதிகாரி அவ்வட்டாரத்து மொழியில் அறிவிப்பு வெளியிடுவார். குறித்த காலத்துக்குள் எழுத்து மூலமாகவோ நேரிலோ உரிமையைக் கோர வேண்டும். கோரப்படாத உரிமை அற்றுப்போகும். காப்புக்காடு என்று ஆன பின்னர், அனுமதியின்றி அதற்குள் நுழைவதும், மாடு மேய்ப்பதும், மரம் வெட்டுவதும், தீ வைப்பதும், வேட்டையாடுவதும் குற்றம்.

தாளில் பார்த்தால் நேர்மையான முறை. கோருவோர்க்குக் காலக்கெடு உண்டு, விசாரணை உண்டு. ஆனால் 1880-களில் எங்கள் காட்டில் வாழ்ந்த ஒரு காட்டுநாயக்கரையோ பணியரையோ மனத்தில் நிறுத்திப் பாருங்கள். அவர்களுக்கு எழுத்து இல்லை. அவர்கள் பேசும் மொழி அறிவிப்பு வெளியான மொழியும் அன்று. காடு தமக்கு உரிமை என்று ஓர் அதிகாரியின் முன் சென்று சொல்ல வேண்டும் என்னும் எண்ணமே அவர்களுக்கு வியப்பாக இருந்திருக்கும். மூச்சுவிடும் உரிமையை யாராவது மனுப் போட்டுக் கேட்பார்களா? முதுமலைக் காட்டுக்கு அந்நாளில் ஓர் உடையவர் இருந்தார், நிலம்பூர்த் திருமுல்பாடு. அவரிடமிருந்து அரசாங்கம் அதைக் குத்தகைக்குப் பெற்றது. உடையவரோடு எழுத்து மூலம் ஒப்பந்தம். உள்ளே வாழ்ந்தவரோடு ஒன்றும் இல்லை. பலகையில் நான் கண்ட "தேன், கிழங்கு எடுக்கலாகாது" என்ற வரியின் வேர் இங்கே இருக்கிறது.

1940-ஆம் ஆண்டில் முதுமலையில் ஏறத்தாழ 60 சதுரக் கிலோமீட்டர் பரப்பு வனவிலங்குச் சரணாலயமாக்கப்பட்டது. தென்னிந்தியாவின் முதற் சரணாலயம் அதுவே என்பார்கள். 1956-இல் அது 295 சதுரக் கிலோமீட்டராகவும் பின்னர் 321 ஆகவும் விரிந்தது. சுடுவதற்காகக் காப்பது என்ற நிலை மாறி, பார்ப்பதற்காகக் காப்பது என்ற நிலை வந்தது. துப்பாக்கிக்குப் பதில் புகைப்படக் கருவி. பொதுமக்கள் என்ற சொல்லின் பொருளும் மாறிற்று. 1879-இல் அது வேட்டைக்காரரைக் குறித்தது. இப்போது கட்டணம் செலுத்தி வரும் பயணியைக் குறித்தது. இரண்டு காலத்திலும் அது தேனெடுப்பவரைக் குறிக்கவில்லை.

இன்றைய விதிகளின் தாய் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம். கல்லூரி மாணவர்கள் அதன் 27, 28-ஆம் பிரிவுகளையேனும் ஒருமுறை படிக்க வேண்டுகிறேன். சரணாலயத்துக்குள் அனுமதியின்றி நுழையத் தக்கவர் யார் என்று 27-ஆம் பிரிவு சொல்கிறது. பணியிலுள்ள அரசு ஊழியர். உள்ளே குடியிருக்க அனுமதி பெற்றவர். உள்ளே நிலம் முதலிய அசையாச் சொத்தில் உரிமை உடையவர். பொது நெடுஞ்சாலை வழியாகக் கடந்து செல்பவர். இவர்களைச் சார்ந்து வாழ்வோர். மற்றையோர்க்கு அனுமதிச் சீட்டு வேண்டும். எதற்காக அது வழங்கப்படலாம் என்று 28-ஆம் பிரிவு வகுக்கிறது: உயிரினங்களை ஆராய, படம் எடுக்க, அறிவியல் ஆய்வு செய்ய, சுற்றுலாவாகக் காண, உள்ளே வாழ்பவரோடு முறையான அலுவல் பார்க்க. விலங்குகளைச் சீண்டக் கூடாது, குப்பை போடக் கூடாது என்பவையும் சட்ட விதிகளே. வெறும் நன்னடத்தை உபதேசங்கள் அல்ல. வேட்டையாடுவதற்கிருந்த இடமும் சுருங்கிக்கொண்டே வந்து, 1991-ஆம் ஆண்டுத் திருத்தத்தோடு பொழுதுபோக்கு வேட்டைக்கு முற்றுப்புள்ளி விழுந்தது.

சரணாலயத்துக்கும் தேசியப் பூங்காவுக்கும் உள்ள வேற்றுமையைத் தேர்வுகளில் கேட்பார்கள். மாணவர்கள் பரப்பளவை எழுதி மதிப்பெண் இழப்பார்கள். வேற்றுமை பரப்பில் இல்லை. சரணாலயத்தில், அலுவலர் இசைந்தால் மக்களின் சில உரிமைகள் தொடரலாம். தேசியப் பூங்காவில் கால்நடை மேய்ச்சலுக்கும் இடமில்லை. 1990-இல் முதுமலையின் ஒரு பகுதி தேசியப் பூங்காவாயிற்று. 2007-இல் முதுமலை முழுவதும் புலிகள் காப்பகமாயிற்று. காப்பகத்தின் உள்வட்டத்திலிருந்த பெண்ணை, நெல்லிக்கரை, மண்டக்கரை போன்ற சிற்றூர்களின் குடும்பங்கள் பல பின்னர் இழப்பீடு பெற்று வெளியே குடியேறின. பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் அருகில் கிடைக்கும் என்று மனமுவந்து வந்தவர்களையும் எனக்குத் தெரியும்; வந்தபின் பழைய வயலை நினைத்து ஏங்குகிறவர்களையும் தெரியும். இரண்டில் ஒன்றை மட்டும் சொல்வது வரலாறு ஆகாது.

இந்த இடத்தில் மலையை விட்டுச் சற்றுக் கடற்கரைக்கு வாருங்கள். காரணம் இருக்கிறது. 1986-ஆம் ஆண்டில் நீலகிரி, இந்தியாவின் முதல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. மூன்று மாநிலங்களில் 5,520 சதுரக் கிலோமீட்டர். அதே ஆண்டில்தான் நம் மாநிலத்தின் தென்கோடியில், தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையிலுள்ள 21 தீவுகளையும் அவற்றைச் சூழ்ந்த கடலையும் சேர்த்து மன்னார் வளைகுடாக் கடல்வாழ் தேசியப் பூங்கா அமைந்தது. அந்தக் கடலுக்கடியில் பவளப்பாறைகளும் கடற்புற்படுகைகளும் உள்ளன. ஆவுளியா என்று மீனவர் அழைக்கும் கடற்பசு மேயும் இடம் அது. சுண்ணாம்புக்கும் சிமெண்டுக்குமாகப் பவளப்பாறைகளை நெடுங்காலம் வெட்டி எடுத்தார்கள். அலைகளைத் தடுத்த பாறை போயிற்று. தீவுகள் இரண்டு நீரில் மூழ்கின. ஆதலால் விதிகள் வந்தன: அனுமதியின்றித் தீவில் இறங்கலாகாது, பவளத்தைத் தொடலாகாது. தேவையான விதிகள்தாம். ஆனால் அத்தீவுகளைச் சுற்றித் தலைமுறைகளாகப் பாசி எடுத்து வாழ்ந்த பெண்கள் ஒரே நாளில் அத்துமீறுவோர் ஆயினர்.

ஓய்வு பெற்றபின் நான் பாம்பனுக்குச் சென்றிருந்தபோது அப்பெண்கள் சிலரோடு பேசும் வாய்ப்புக் கிடைத்தது. விரல்களில் துணி சுற்றி, கண்ணுக்குக் கண்ணாடி அணிந்து, மூச்சடக்கி மூழ்கி, மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப்பாசியும் பறிக்கிறார்கள். அவர்கள் சங்கமாகக் கூடித் தமக்குத் தாமே விதி செய்துகொண்டிருக்கிறார்கள். மாதத்தில் 12 நாள் மட்டுமே கடலில் இறங்குவது. இரும்புச் சுரண்டியைத் தொடாமல் கையாலேயே பறிப்பது. இம்முயற்சிக்குத் தலைமை தாங்கியோருள் ஒருவருக்கு 2015-இல் அமெரிக்காவின் சீகாலஜி நிறுவனம் விருது வழங்கிற்று.

"மற்ற நாள்களில் ஏன் இறங்குவதில்லை, அம்மா?" என்று கேட்டேன்.

"வேர் விட்டு வளர வேண்டாமா, ஐயா? நாளைக்கும் நாங்கள்தானே வர வேண்டும்?" என்றார் ஒருவர்.

எங்கள் காட்டில் தேனெடுக்கும் முதியவர் ஒருவர் ஏறக்குறைய இதே சொற்களைத்தான் சொல்லியிருந்தார். மரத்திலுள்ள அடை முழுவதையும் அறுத்துவிட்டால் அடுத்த ஆண்டு ஈ வருமா என்பது அவர் கேள்வி. வேட்டைச் சங்கத்துத் துரைமார்களும் நாளைக்கு மிஞ்ச வேண்டும் என்றுதான் சட்டம் கேட்டார்கள். துரைமார்களின் விதி சட்டப் புத்தகத்தில் ஏறிற்று. தேனெடுப்பவரின் விதி எதிலும் ஏறவில்லை. எல்லாரும் அப்படியே வாழ்ந்தார்கள் என்று நான் சொல்லமாட்டேன். தேனுக்கும் பாசிக்கும் வணிகர் கேட்கும் அளவு கூடும்போது பழைய விதி தளர்வதையும் கண்டிருக்கிறேன். கடலில் அப்பெண்கள் விதியை எழுதி வைத்துக்கொள்ள நேர்ந்ததும் அதனால்தான்.

மலைக்குத் திரும்புவோம். இன்று எங்கள் காட்டின் பெருந்துன்பம் தேனெடுப்பவரால் வருவதன்று. எங்களைப் போன்ற பார்வையாளரால் வருவது. மைசூருக்குச் செல்லும் சாலை காட்டை ஊடறுத்துப் போகிறது. கர்நாடகப் பகுதியான பந்திப்பூரில் 2009-இல் இரவுப் போக்குவரத்தைத் தடை செய்தார்கள். இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை. கூடலூர் வணிகர்கள் முணுமுணுத்தார்கள்; நானும் ஒருமுறை எல்லையில் அகப்பட்டு விடிய விடியக் குளிரில் பேருந்துக்குள் அமர்ந்திருந்தேன். மறுநாள் சாலையில் அடிபட்டுக் கிடந்த மானைக் காணவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சீகூர்ப் பகுதியில் யானைகளின் வழித்தடத்தை மறித்து எழுந்த விடுதிகளைப் பற்றிய வழக்கு, 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் யானைக்குச் சாதகமாக முடிந்தது. அடுத்த சில திங்களில், 2021 சனவரியில், மசினகுடியில் ஓர் விடுதியருகே வந்த யானையின் மேல் எரியும் பொருளை வீசினார்கள். காதில் தீக்காயத்தோடு அந்த யானை மாண்டது. அது ஓடிய காட்சியைப் படமாக நாடே பார்த்தது. விதியைச் செய்தவரும் பலகையை நட்டவரும் அங்கே இல்லை. 2024 மே மாதத்தில், சென்னை உயர் நீதிமன்ற ஆணைப்படி, நீலகிரிக்கு வரும் வாகனங்களுக்கு இ-பாஸ் முறை வந்தது. மறு ஆண்டில் ஒரு நாளைக்கு இத்தனை வாகனம் என்று எண்ணிக்கையும் வரையறுத்தார்கள். 1879-இல் எத்தனை மான் சுடலாம் என்பது கேள்வியாக இருந்தது. இப்போது எத்தனை கார் வரலாம் என்பது கேள்வி.

இனி என் மாணவனுக்கு வருகிறேன். 2006-ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் வன உரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. காட்டில் வாழும் பழங்குடியினர்க்கு இழைக்கப்பட்ட வரலாற்று அநீதியை அச்சட்டத்தின் முகப்பே ஒப்புக்கொள்கிறது. சிறு வனப் பொருள்களைச் சேகரிக்கவும் பயன்படுத்தவும் விற்கவும் அவர்களுக்கு உரிமை உண்டு என்கிறது. சிறு வனப் பொருள் எது என்பதற்குச் சட்டத்திலேயே பட்டியல் உண்டு. மூங்கில், பிரம்பு, தேன், மெழுகு, மூலிகை, வேர், கிழங்கு. தேனும் கிழங்கும் அதில் இருக்கின்றன! 1882-இல் அதிகாரி வந்து உரிமையைக் கேட்டார். கேளாதவனுக்கு இல்லை என்றார். 2006-இல் உரிமையை ஆராயும் வேலை கிராம சபையிலிருந்து தொடங்க வேண்டும் என்றார்கள். தமிழ்நாட்டில் வழக்குகளால் இச்சட்டம் நடைமுறைக்கு வரப் பல ஆண்டு தாமதமாயிற்று.

சென்ற ஆண்டு தேவர்சோலைக் கடைவீதியில் அவரைக் கண்டேன். இனி அவன் என்று சொல்லலாகாது; ஐம்பதை நெருங்கிய மனிதர். பக்கத்துக் கடையில் தேநீர் வாங்கிக் கொடுத்து, முப்பது ஆண்டுக்கு மேல் கடன்பட்டிருந்த விடையைச் சொன்னேன். சட்டத்தின் பெயரையும் ஆண்டையும், தேன், கிழங்கு என்று அதில் எழுதியிருப்பதையும் சொன்னேன். அவருக்கு அது முன்பே தெரிந்திருந்தது. கிராம சபைக் கூட்டத்துக்குப் போய் வந்தவர் அவர். பாட்டி இறந்து இருபது ஆண்டு ஆயிற்று என்றார்.

"அந்தப் பலகையில் இதையும் சேர்த்து எழுதிவிட்டார்களா, ஐயா?" என்று கேட்டார்.

நான் அண்மையில் அந்தப் பக்கம் போகவில்லை என்றேன். அடுத்த வாரம் தம் மகளை அழைத்துக்கொண்டு போய்ப் பார்த்து வந்து சொல்வதாகக் கூறி, பட்டவயல் பேருந்தில் ஏறிக்கொண்டார்.